சியாவா எள்ளா, கினோவாவா கேழ்வரகா: ஒரு கரண்டிக் கணக்கு

"சித்தி, மாசம் ஆயிரம் ரூபாய் இதுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன். சியா வாங்கட்டுமா, கினோவாவா, முருங்கைப் பொடியா?"

கோவையில் இருக்கும் அக்கா மகள் போன மாதம் போனில் கேட்டாள். சியா என்பது ஊறவைத்துச் சாப்பிடும் ஒரு சின்ன விதை, கினோவா என்பது சோறு மாதிரிச் சமைக்கும் ஒரு தானியம்; இரண்டும் வெளிநாட்டு வரவு. அவள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஹீமோகுளோபின் பத்துக்குக் கொஞ்சம் மேலே. கணவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மாமியாருக்கு எலும்பு பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஐந்தாவது படிக்கும் பையன் தட்டில் பச்சையாக எதைக் கண்டாலும் எழுந்து ஓடுவான். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் 'சூப்பர்ஃபுட்' என்ற சொல். ஊட்டச்சத்து அறிவியலில் இதற்கு வரையறை கிடையாது. நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வாழைப்பழம் விற்ற ஒரு பெரிய கம்பெனியின் விளம்பரங்களில் புழங்க ஆரம்பித்த சொல் இது. ஆமாம், நம் வாழைப்பழம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல், அங்கீகரிக்கப்பட்ட ஆதாரம் இல்லாமல் இந்த மாதிரிச் சொல்லை உணவு டப்பாவில் ஆரோக்கிய வாக்குறுதியாகப் போட முடியாது. நம் ஊரில் டப்பாவுக்கு டப்பா போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பார்த்து வாங்கவும் வேண்டாம், அதற்காகவே ஒதுக்கவும் வேண்டாம்.

## எதை வைத்து அளப்பது

விளம்பரங்கள் எல்லாமே நூறு கிராம் கணக்கு சொல்கின்றன. நூறு கிராம் சியாவில் இவ்வளவு கால்சியம், நூறு கிராம் முருங்கைப் பொடியில் அவ்வளவு இரும்பு என்று. சியாவை யாராவது நூறு கிராம் சாப்பிடுவார்களா? சாப்பிட்டால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. அதனால் என் முதல் அளவுகோல், ஒரு வேளைக்கு உண்மையில் எவ்வளவு உள்ளே போகிறது என்பது. தானியம் என்றால் 60 கிராம், விதை என்றால் ஒரு மேசைக்கரண்டி, பொடி என்றால் ஒரு டீஸ்பூன், கீரை என்றால் ஒரு பொரியல்.

இரண்டாவது, இந்த வீட்டில் எது குறைகிறது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் சொன்ன அளவுப்படி பெண்களுக்கு ஒரு நாளைக்கு இரும்பு 29 மி.கி., ஆண்களுக்கு 19 மி.கி., வயது வந்தவர்களுக்குப் பொதுவாகக் கால்சியம் 1000 மி.கி. நம் வீடுகளில் பெரும்பாலும் இடிப்பது இந்த இரண்டும் நார்ச்சத்தும்தான். ஆன்டிஆக்சிடன்ட் பற்றாக்குறை என்று யாரும் டாக்டரிடம் போவதில்லை.

மூன்றாவது, உள்ளே போனதில் உடம்பு எவ்வளவை எடுத்துக்கொள்கிறது. தானியத்திலும் விதையிலும் இருக்கும் ஃபைட்டேட், சில கீரைகளில் இருக்கும் ஆக்சலேட் (இரண்டும் சத்தைக் கட்டிப்போடும் இயற்கைப் பொருள்கள்), சாப்பாடு முடிந்த கையோடு குடிக்கிற காபி எல்லாம் இதில் கை வைக்கும்.

அப்புறம் பணம். டப்பா விலை தெரியும். தெரியாத செலவுகளும் உண்டு: ஆய்வதற்கு ஆகும் நேரம், கெட்டுப்போய்க் கொட்டுவது, மூன்றாவது மாதம் யாரும் தொடாமல் அலமாரியில் கிடப்பது. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு என்பது என் அனுபவம்.

கீழே உள்ள எண்களில் உள்ளூர்ப் பொருள்களுக்குப் பெரும்பாலும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையையும், மற்றவற்றுக்கு அமெரிக்க வேளாண் துறையின் எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். மண், ரகம், பருவம் பொறுத்து முன்பின் இருக்கும். மில்லிகிராம் சுத்தமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

## கினோவா, கேழ்வரகு, கம்பு

ஒரு வேளைக்கு 60 கிராம், சமைக்காத எடையில்:

| | புரதம் (கிராம்) | நார்ச்சத்து (கிராம்) | இரும்பு (மி.கி.) | கால்சியம் (மி.கி.) |
|---|---|---|---|---|
| கினோவா | 8.5 | 4 | 2.8 | 28 |
| கேழ்வரகு | 4.3 | 6.7 | 2.8 | 218 |
| கம்பு | 6.6 | 6.9 | 3.9 | 16 |
| பச்சரிசி | 4.8 | 1.7 | 0.4 | 5 |

ஐ.நா. 2013-ஐக் கினோவா ஆண்டு என்றும் 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்றும் அறிவித்தது. ஆக இரண்டு பக்கமும் கொடி பிடித்தாகிவிட்டது. அட்டவணையைப் பார்த்தால் கினோவா ஜெயிப்பது புரதத்தில் மட்டும். அதில் லைசின் என்ற அமினோ அமிலம் நன்றாக இருக்கிறது. அரிசி, கோதுமையில் அது குறைவு. 'முழுமையான புரதம்' என்று டப்பாவில் எழுதுவது இதைத்தான். ஆனால் நாம் சோற்றை வெறுமனே சாப்பிடுவதில்லை. 20 கிராம் துவரம்பருப்பு போட்டுச் சாம்பார் வைத்தால் கினோவா தரும் கூடுதல் 4 கிராம் புரதம் வந்துவிடும், லைசினும் கூடவே வரும். இட்லி, பொங்கல், பருப்பு சாதம் எல்லாமே செய்வது இதே வேலையை.

விலையில், ஒரு கிலோ கினோவா வாங்கும் பணத்துக்கு நான்கைந்து கிலோ கேழ்வரகு கிடைக்கும். கினோவாவின் மேல் சபோனின் என்ற கசப்புப் பூச்சு இருக்கிறது. நுரை போகும்வரை கழுவ வேண்டும். கழுவாமல் உப்புமா செய்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மொத்தப் பாக்கெட்டையும் வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். (அந்தம்மாவும் சாப்பிடவில்லை.)

கேழ்வரகுக்கும் மறைமுகச் செலவு உண்டு. கால்சியம் 218 மி.கி. என்று அட்டவணை சொன்னாலும் ஃபைட்டேட் அதில் ஒரு பங்கைக் கட்டிப்போடும். ஊறவைத்து முளைகட்டி அரைத்தாலோ, கரைத்துப் புளிக்கவைத்துக் கூழாகக் காய்ச்சினாலோ அந்தக் கட்டு தளரும். நம் பாட்டிமார் இதைச் செய்தது ஃபைட்டேட் தெரிந்து அல்ல, ருசிக்கும் வசதிக்கும். பலன் என்னவோ வந்துசேர்ந்தது. கடையில் விற்கும் 'ராகி மால்ட்' டப்பாவில் முதலில் எழுதியிருக்கும் பொருள் சர்க்கரை என்றால் அது கேழ்வரகு வாசனை உள்ள சர்க்கரைதான்.

கம்பில் கொழுப்பு அதிகம். மாவாக அரைத்து வைத்தால் சில நாளில் கசந்துவிடும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைக்க வேண்டும். தினை, சாமை வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் நன்றாகத் தீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உமி நீக்கியே ஆக வேண்டும், ஆனால் தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிட்டால் அரிசியிடமிருந்து அது பெரிதாக வேறுபடாது. விலை மட்டும்தான் வேறுபடும்.

கினோவா எப்போது சரி? கோதுமையின் குளூட்டன் ஒத்துக்கொள்ளாத, சோறும் சலித்துப்போன ஒருவருக்கு. பருப்பு சாப்பிட்டால் வயிறு கேட்காதவருக்கு. அல்லது ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருப்பவருக்கு. அங்கே கம்புக்காக இந்தியக் கடை தேடி அலைவதைவிடப் பக்கத்துக் கடைக் கினோவா லேசு. கோவையில் இருப்பவளுக்கு, சனிக்கிழமை சந்தையில் கேழ்வரகு குவிந்து கிடக்கும்போது, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## சியா, ஆளி விதை, எள்

ஒரு மேசைக்கரண்டிக்கு, சுமார் 12 கிராம்:

| | நார்ச்சத்து (கிராம்) | தாவர ஒமேகா-3 (கிராம்) | கால்சியம் (மி.கி.) | இரும்பு (மி.கி.) |
|---|---|---|---|---|
| சியா | 4.1 | 2.1 | 76 | 0.9 |
| ஆளி விதை | 3.3 | 2.7 | 31 | 0.7 |
| எள், தோலோடு | 1.4 | மிகக் குறைவு | 117 | 1.7 |

இந்தச் சுற்றில் சியா சும்மா பெயர் வாங்கியது அல்ல. ஒரு கரண்டியில் நான்கு கிராம் நார்ச்சத்து என்பது பெரிய விஷயம். ஊறிய சியா வழவழவென்று ஆவதும் அந்த நார்ச்சத்தால்தான். மலச்சிக்கலுக்கு அது நன்றாகக் கேட்கும். வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் கர்நாடக விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இப்போது அந்தப் பக்கமே விளைகிறது.

ஒமேகா-3-க்காக வாங்குகிறீர்கள் என்றால் ஆளி விதை இன்னும் கொஞ்சம் மேல், விலை பாதிக்கும் கீழ். ஒரு நிபந்தனை: பொடித்தே சாப்பிட வேண்டும். முழு விதை உள்ளே போன மாதிரியே வெளியே வந்துவிடும். பொடித்தால் எண்ணெய் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். அதனால் வாரம் ஒருமுறை லேசாக வறுத்துப் பொடித்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இட்லிப் பொடியில் கால் பங்கு ஆளி விதை கலந்தால் வீட்டில் யாரும் கண்டுபிடிப்பதில்லை. அரைப் பங்கு போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். விதையில் இருப்பது தாவர ஒமேகா-3. மூளைக்கும் இதயத்துக்கும் என்று பேசப்படும் வகைகள் மீனில் இருப்பவை. விதையில் உள்ளதை அந்த வடிவத்துக்கு நம் உடம்பு மாற்றிக்கொள்வது மிகச் சொற்பம். மீன் சாப்பிடும் வீடு என்றால் வாரம் இரண்டு நாள் மத்தி, அதாவது தெற்கே சொல்லும் சாளை, வாங்குவது எந்த விதையையும்விட நேர்வழி. முள்ளோடு மென்று சாப்பிட்டால் கால்சியமும் சேரும். மார்க்கெட்டில் விலை குறைந்த மீன்களில் அதுவும் ஒன்று என்பதால்தானோ என்னவோ, அதை யாரும் சூப்பர்ஃபுட் என்று டப்பாவில் அடைக்கவில்லை.

எள்ளின் பலம் கால்சியமும் இரும்பும். ஆனால் அந்தக் கால்சியம் பெரும்பாலும் தோலில் இருக்கிறது, அதில் கணிசமான பங்கு ஆக்சலேட்டோடு பிணைந்தும் இருக்கிறது. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியம் மிகவும் குறைந்துவிடும். கறுப்பு எள்ளை வாங்கி உருண்டை பிடியுங்கள்; பையனுக்கும் பிடிக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சப்ஜாவைச் சியா என்று கொடுப்பதும் நடக்கிறது. தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கன்னங்கரேலென்று இருந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் ஜவ்வரிசிபோல ஊதி நின்றால் அது சப்ஜா, அதாவது திருநீற்றுப்பச்சிலை விதை. சியா சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி போட்டிருக்கும், மெதுவாக ஊறும். சப்ஜா மோசம் இல்லை, அதிலும் நார்ச்சத்து நன்றாகவே உண்டு. சியா விலை கொடுத்து வாங்க வேண்டாம், அவ்வளவுதான்.

எந்த விதையானாலும் உலர்வாக வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கக் கூடாது. அமெரிக்காவில் ஒருவர் அப்படிச் செய்து, சியா உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனதை 2014-ல் மருத்துவர்கள் ஒரு மாநாட்டில் விவரித்தார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

## முருங்கைப் பொடி, முருங்கைக்கீரை, கேல்

இங்கேதான் நூறு கிராம் கணக்கு மிக அழகாக ஏமாற்றுகிறது.

'பாலைவிடப் பதினேழு மடங்கு கால்சியம்' என்ற வாசகத்தைப் பார்த்திருப்பீர்கள். பொய் இல்லை. நூறு கிராம் முருங்கைப் பொடியில் கால்சியம் சுமார் 2000 மி.கி., நூறு கிராம் பாலில் 120. ஆனால் பொடி என்பது தண்ணீரை எடுத்துவிட்ட இலை. நூறு கிராம் பொடிக்குள் நானூறு, ஐந்நூறு கிராம் இலை அடங்கியிருக்கிறது. அதைத் தண்ணீரே பெரும்பகுதியாக உள்ள பாலோடு எடைக்கு எடை ஒப்பிட்டால் யார் ஜெயிப்பார்கள்? கரண்டிக்கு வாருங்கள். ஒரு டீஸ்பூன் பொடி மிஞ்சிப்போனால் 5 கிராம். கால்சியம் 100 மி.கி. ஒரு டம்ளர் பால் 200 மில்லி. கால்சியம் 240 மி.கி. பதினேழு மடங்கு என்று ஆரம்பித்த போட்டியில் பொடி பாதிக்கும் கீழே நிற்கிறது. காப்ஸ்யூல் என்றால் இன்னும் வேடிக்கை. அரை கிராம் காப்ஸ்யூல் இரண்டு விழுங்கினால் 20 மி.கி.

'ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி' என்பதும் அதே டப்பாவில் இருக்கும். அந்தக் கணக்கு பச்சை இலைக்கு. உலர்த்தும்போதே வைட்டமின் சி-யில் பெரும்பகுதி போய்விடும். பச்சை இலையின் பெருமையையும் உலர்ந்த பொடியின் பெருமையையும் ஒரே லேபிளில் ஒட்டியிருக்கிறார்கள்.

இப்போது கீரை. ஒருவருக்கு 50 கிராம் இலையில் பொரியல் என்றால் கால்சியம் 150 மி.கி.க்கு மேல், இரும்பு இரண்டு மி.கி.க்குக் கொஞ்சம் மேல், புரதம் மூன்று கிராம், கண்ணுக்கு வேண்டிய பீட்டா கரோட்டின் ஏராளம். வேகும்போது வைட்டமின் சி கொஞ்சம் போனாலும் மிச்சம் இருக்கும். கட்டு பத்து, இருபது ரூபாய். மரம் இருக்கும் வீட்டில் அதுவும் கிடையாது. செலவு எல்லாம் நேரத்தில்தான். முருங்கைக்கீரை ஆய்வது என்ற ஒரே காரணத்துக்காக அதை மறந்த வீடுகள் எத்தனையோ. கொத்தைக் கழுவாமல் ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி ராத்திரி வைத்துவிட்டால் காலையில் உதறினாலே பெரும்பாலான இலை கொட்டிவிடும். இந்த ஒரு தந்திரத்தைச் சொன்னதற்கே என் அக்கா மகள் பொடி வாங்கும் யோசனையைப் பாதி கைவிட்டாள்.

மீதிப் பாதியைக் கைவிட வேண்டாம் என்று நானே சொன்னேன், பையனுக்காக. கீரையைக் கண்டு ஓடும் பிள்ளைக்கு அடை மாவில், சப்பாத்தி மாவில் ஒரு கரண்டி பொடி கலப்பது நியாயமான வழி. விடுதியில் இருப்பவர்களுக்கும், கீரை கிடைக்காத நாட்டில் இருப்பவர்களுக்கும் பொடிதான் வசதி. வாங்கும்போது நிறம் பாருங்கள். பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் வெயிலில் காயவைத்தது அல்லது பழையது. வீட்டில் நிழலில் உலர்த்தி மிக்ஸியில் அரைத்தால் டப்பா விலையில் சின்னப் பங்குதான் ஆகும்.

கேல் முட்டைக்கோஸ் குடும்பத்து வெளிநாட்டுக் கீரை, நல்ல கீரை. ஆக்சலேட் குறைவு, அதனால் அதன் கால்சியம் உடம்பில் நன்றாகச் சேரும். பாலக் கீரை இதற்கு நேர்மாறு, கால்சியம் இருந்தும் உடம்புக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். கனடாவில் இருக்கும் என் தோழிக்குப் பனிக்காலத்தில் கேல்தான் கை கொடுக்கிறது. அதில் பருப்பு போட்டுக் கூட்டு வைக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறதாம். நம் ஊரில் சூப்பர்மார்க்கெட் ஏ.சி.யில் வாடிக் கிடக்கும் கேலை அந்த விலைக்கு வாங்க ஒரு காரணமும் இல்லை. நூல்கோலும் கேலும் தாவரவியலில் ஒரே இனம்; நூல்கோல் வாங்கும்போது கடைக்காரர் இலையை ஒடித்துக் கீழே போடுகிறார் பாருங்கள், அதைக் கேட்டு வாங்கிப் பொரியல் செய்யலாம். காசு கேட்க மாட்டார்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதய வால்வு, ரத்தக்கட்டி போன்றவற்றுக்காக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் வகை மாத்திரை எடுப்பவர்கள் கேலோ முருங்கையோ திடீரென்று அதிகமாகச் சாப்பிட ஆரம்பிக்கக் கூடாது. இவற்றில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

## புளூபெர்ரி, நெல்லி, கொய்யா

இதில் அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை. 125 கிராம் புளூபெர்ரி டப்பாவில் வைட்டமின் சி சுமார் 12 மி.கி., நார்ச்சத்து 3 கிராம். ஒரு நடுத்தரக் கொய்யாவில் வைட்டமின் சி 200 மி.கி. போல, நார்ச்சத்து 5 கிராமுக்கு மேல். பெரிய நெல்லிக்காய் ஒன்றில் மட்டும் வைட்டமின் சி 100 மி.கி. வரும், ஒரு நாள் தேவை அதோடு முடிந்தது. டப்பா விலைக்கு இரண்டு மூன்று கிலோ கொய்யா வாங்கலாம்.

புளூபெர்ரியின் வாதம் வைட்டமின் அல்ல, அதன் நீல நிறமியான ஆந்தோசயனின். அதே வகை நிறமிதான் ஆனி, ஆடியில் நம் நாக்கை ஊதாவாக்கும் நாவல் பழத்திலும் இருக்கிறது. ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண் பட்டியல் ஒன்றை அமெரிக்க வேளாண் துறையே இணையத்தில் வைத்திருந்தது. சோதனைக்குழாயில் வரும் மதிப்பெண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தம் நிரூபிக்கப்படவில்லை, கம்பெனிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று 2012-ல் அவர்களே எடுத்துவிட்டார்கள். பட்டியல் போனாலும் அதிலிருந்து எடுத்த எண்கள் டப்பாக்களில் இன்னும் சுற்றுகின்றன.

நெல்லியின் உண்மையான மதிப்பு அடுத்த தட்டில் இருக்கிறது. வைட்டமின் சி, கேழ்வரகிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை, பக்கத்தில் நெல்லிக்காய்ப் பச்சடி: ரத்தம் குறைந்த பெண்ணுக்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியவில்லை. காபியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும், கோவைக்காரர்களுக்கு அதுதான் கஷ்டம். தேன் நெல்லியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது மிட்டாய்.

## பாதாமா, வேர்க்கடலையா

புரதம் வேர்க்கடலையில் கொஞ்சம் கூட. வைட்டமின் ஈ, கால்சியம், நார்ச்சத்து பாதாமில் கூட. விலை வித்தியாசத்தை மளிகைக் கடைக்காரரைக் கேளுங்கள். வேர்க்கடலையில் பார்க்க வேண்டியது பூஞ்சை ஒன்றுதான். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது இருந்தால் தூக்கிப் போடுங்கள். வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், பூஞ்சை நஞ்சு வறுபட்டாலும் முழுதாகப் போகாது.

## அந்த ஆயிரம் ரூபாய்

அக்கா மகளிடம் முதலில் சொன்னது, ஹீமோகுளோபின் பத்தில் இருக்கும்போது கேழ்வரகும் கீரையும் மட்டும் அதை ஏற்றாது என்பதுதான். டாக்டர் எழுதிய இரும்பு மாத்திரையை முழுக் காலமும் சாப்பிட வேண்டும், உணவு அதற்குத் துணை. மாமியாருக்கு வைட்டமின் டி எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். அது குறைந்தால் எள்ளும் பாலும் எவ்வளவு கொடுத்தாலும் எலும்புக்குச் சரியாகச் சேராது. கணவருக்குக் கேழ்வரகைக் கஞ்சியாக வேண்டாம். நைஸாக அரைத்த மாவுக் கஞ்சி சர்க்கரையை வேகமாக ஏற்றும். கேழ்வரகு என்றால் அடையாக, கம்பு என்றால் சோறாக, காயும் பருப்பும் கூட வைத்து, அளவாக.

பட்டியல் இப்படி வந்தது: கேழ்வரகு மூன்று கிலோ, கம்பு ஒரு கிலோ, கறுப்பு எள் அரைக் கிலோ, ஆளி விதை கால் கிலோ, வாரம் இரண்டு கட்டு முருங்கைக்கீரை, அரைக் கிலோ நெல்லி. இதற்கு மேல் கையில் இருப்பதற்கு முட்டை. அவர்கள் வீட்டில் மீன் நாற்றம் மாமியாருக்கு ஆகாது, அதனால் மத்தி பட்டியலில் ஏறவில்லை.

எல்லாம் எழுதி முடித்த பிறகு, "சித்தி, சியா ஒரு கிலோ ஏற்கெனவே ஆர்டர் போட்டுட்டேன், நாளைக்கு வந்துடும்" என்றாள். சரி, வந்தால் வரட்டும். ராத்திரியே ஒரு கரண்டியை மோரில் ஊறப்போட்டு, காலையில் உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்து மாமியாருக்குக் கொடுக்கச் சொன்னேன். அவருக்கு வெகுநாளாக மலச்சிக்கல்.